எந்த மருந்தில் குணமானேன் என்று கேட்டாயே

அன்புள்ள சாமு,

உன் கடிதம் வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத உட்காருவதும், ஒரு வரி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து போவதுமாக இருந்தேன். உன் அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு நேற்றுக் காலையில், "எழுதறதா இருந்தா முழுசா எழுது. அரகொறயா எழுதி அவனக் கலக்காத. டாக்டருக்குப் படிச்சவன், தாங்குவான்" என்றார். தாங்குவாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இது நீண்டு போகும். இரவில் களைத்துப்போய் வாசிக்காதே. ஓய்வாக இருக்கும் ஒரு நாளில் வாசி.

மனநோய் ஆஸ்பத்திரியில் உனக்கு வேலை கிடைத்த செய்தி வந்தபோது நான் வாழ்த்து எழுதினேனே தவிர வேறொன்றும் சொல்லவில்லை. இப்போது நீயே கேட்டுவிட்டாய். அங்கே வலிப்பு வரவழைக்கும் புது ஊசி ஒன்று வந்திருப்பதாகவும், மாதக்கணக்கில் வாய் திறவாதவர்கள்கூட அதைப் போட்டபின் பேசுவதாகவும் எழுதியிருந்தாய். ஆனால் ஒரே ஊசியை, ஒரே அளவில் போட்டும் சிலர் எழுந்து நடமாட, சிலர் பழைய இருட்டுக்கே திரும்பிவிடுவது ஏன் என்று விளங்கவில்லை என்றாய். கடைசியில், "அம்மா, மேனாம்பேட்டில் இருந்தபோது உங்களுக்கு எந்த மருந்தில் குணமாயிற்று?" என்று ஒரு வரி. மற்றவர்கள் கேட்டிருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். நீ இனி அப்படிப்பட்டவர்களின் படுக்கைக்குப் பக்கத்தில் தினமும் நிற்கப் போகிறவன்.

உனக்கு எஸ்தர் என்று ஒரு தங்கை இருந்ததும், மூன்று மாதக் குழந்தையாக இறந்துபோனதும் உனக்குத் தெரியும். எப்படி இறந்தாள் என்பது தெரியாது. அப்போது உனக்கு ஐந்து வயது நடந்துகொண்டிருந்தது. உன் அப்பா அம்பத்தூர் ஸ்டேஷனில் தந்தி அடிக்கும் சிக்னலராக இருந்தார். நாம் ரயில்வே குடியிருப்பில் ஒற்றை அறை வீட்டில் இருந்தோம். பிரசவத்துக்கு முன்பு நான் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. எஸ்தர் ராத்திரி முழுக்க அழுகிற குழந்தை. பல நாள் தூக்கம் இல்லாமல், ஒரு நாள் அவளைப் பக்கத்தில் போட்டுப் பால் கொடுத்தபடியே தூங்கிப்போனேன். விடிந்து கண் விழித்தபோது அவள் என் கைக்கு அடியில் குளிர்ந்து கிடந்தாள். அவ்வளவுதான். இதற்கு மேல் அந்தக் காலையைப் பற்றி எழுத இன்றைக்கும் எனக்குக் கை வராது.

மருத்துவச்சி, போதகர், அக்கம்பக்கத்துப் பெண்கள், உன் அப்பா என்று எல்லோருமே, "உன் மேல ஒரு குத்தமும் இல்ல" என்றார்கள். எல்லோரும் ஒரே வார்த்தையைச் சொன்னதால், வெளியே கூடிப் பேசி வைத்துக்கொண்டு உள்ளே வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பேசுவதை நிறுத்தினேன். பிறகு சாப்பிடுவதை. எல்லாவற்றையும்விட, தூங்குவதற்குப் பயந்தேன். கண் சொருகும்போதெல்லாம் தொடையைக் கிள்ளிக்கொள்வேன். தொடை முழுக்கக் கன்றிப்போய்ச் சீழ் பிடித்தது. அதைப் பார்த்த பிறகுதான் உன் அப்பா ஜட்கா பிடித்து என்னை மேனாம்பேட்டுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே மாந்தோப்புக்கு நடுவில் பழைய ஓட்டுக் கட்டடம் ஒன்று இருந்தது. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மனம் வராத குடும்பங்களின் பெண்களை மிஷன் அம்மாமார் சிலர் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பைத்தியத் தோப்பு. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. கூடம் முழுக்கத் தூக்க மருந்தின் நாற்றம். அந்த நாற்றம் மற்றவர்களின் மூச்சிலிருந்தே வந்துகொண்டிருக்கும். எனக்கும் அந்த மருந்தைத்தான் கொடுத்தார்கள். தூங்கினேன். விழித்தேன். விழித்தால் கையை நீட்டி அடியில் தடவிப் பார்ப்பேன். மருந்து என்னைத் தூங்க வைத்ததே ஒழிய, விழித்தபின் என்ன செய்வது என்பதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை.

என் அடுத்த கட்டிலில் கன்னியம்மா என்று ஒருத்தி இருந்தாள். பாரிவாக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்யும் குடும்பம். மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அவள் புருஷன் கால் இடறிக் கிணற்றில் விழுந்து செத்துப்போனான். அது முதல் கிணற்றுக்குள்ளிருந்து அவன் கூப்பிடுவது அவளுக்குக் கேட்க ஆரம்பித்தது. கிணற்றோரம் ஓடி ஓடிப் போனதால் வீட்டில் அவளைச் சங்கிலியால் உரலோடு கட்டி வைத்திருந்தார்கள். கணுக்காலில் அந்த வடு கருப்பு வளையமாகத் தெரியும். சங்கிலியைப் பார்க்கச் சகிக்காமல் அவள் அண்ணன்தான் இங்கே கொண்டுவந்து விட்டார். இவ்வளவு பட்டவள் என்று சொல்ல முடியாது, அப்படிப் பேசுவாள். நான் வாய் மூடிக் கிடப்பதைப் பார்த்து, "இன்னா டீச்சரு, வாயப் பொட்டில பூட்டி வெச்சிகீறியா? தொறவுகோல் யார்கிட்ட கீது சொல்லு, நான் போய் வாங்கியாறேன்" என்பாள். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். அதற்கும் சிரிப்பாள்.

அந்த இல்லத்தின் டாக்டர் பெயர் ரூபவதி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கல்யாணம் செய்துகொள்ளாதவர், அப்போது நாற்பதை நெருங்கும் வயது. பட்டணத்தில் படித்துவிட்டுச் சீமைக்குப் போய், நோயாளிகளைப் பேசவிட்டுக் கேட்கும் வைத்தியத்தைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். ஆனால் பேசுகிறவர்களுக்குத்தானே அந்த வைத்தியம்? நான் பேசவில்லை. அவர் காலை ஜெபம் முடிந்ததும் மூங்கில் மோடா ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு என் கட்டிலருகே உட்காருவார். முதல் நாள், "பேசணும்னு இல்லை. எனக்கு இந்த நேரம் உங்களுக்குன்னு ஒதுக்கின நேரம்" என்றார். பிறகு ஒன்றும் சொல்லமாட்டார். மணி அடித்ததும் எழுந்து போவார். இப்படியே வாரங்கள் போயின. எனக்கு அவரைக் கண்டாலே வெறுப்பாக இருந்தது. என்னைக் காவல் காக்கிறார், எப்போது வாய் தவறி ஒன்று சொல்வேன் என்று பதுங்கியிருக்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவருக்கு என்ன களைப்போ, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, கண்ணாடி மூக்கில் இறங்கி, குழந்தை மாதிரித் தூங்கினார். நான் எழுந்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாமு, அதை எப்படிச் சொல்ல? என் பக்கத்தில் ஓர் ஆள் தூங்குகிறது, மூச்சு வந்துகொண்டே இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. அவர் மோடாவிலிருந்து சரியப் போனபோது, "டாக்டரம்மா, வீட்ல போய்த் தூங்குங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கன்னியம்மா, "அடியாத்தே, டீச்சர் பேசிச்சு!" என்று கத்தினாள். டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மன்னிக்கணும், உங்க நேரத்துல தூங்கிட்டேன்" என்றார். நான் பேசியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். எஸ்தர் கதையை முழுக்கச் சொல்லி முடித்த அன்று அவர் முகத்தையே பார்த்திருந்தேன், எல்லோரும் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இவரும் சொல்வார் என்று. அவர் சொல்லவில்லை. "நீங்க தூங்கினதால போச்சா, அது தானாப் போச்சான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. தெரியும்னு சொன்னா அது பொய்" என்றார். உனக்கு இது கொடுமையான பேச்சாகத் தோன்றலாம். எனக்கோ அத்தனை மாதத்தில் முதல்முறையாக ஒரு மனுஷி என்னிடம் பொய் சொல்லவில்லை என்று இருந்தது. அன்றைக்கு அழுதேன். அன்றைக்குச் சாப்பிட்டேன்.

நம்பிக்கை வந்தபின் மனிதர்கள் எதையும் சொல்லிவிடுவார்கள். இப்போது எழுதப் போவது உன்னைப் பற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா உன்னைக் கூட்டிக்கொண்டு வருவார். நான் தேறி வருகிறேன் என்று, உன்னைத் தோப்பில் தனியாக நடத்திக் கூட்டிப்போக என்னை விட்டிருந்தார்கள். உன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போதெல்லாம், இவனும் என் கையால்தான் போவான் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். அப்படி நடப்பதற்கு முன் இவனையும் அழைத்துக்கொண்டு பருத்திப்பட்டு ஏரியில் இறங்கிவிட்டால் இரண்டு பேருக்கும் நிம்மதி என்று தோன்றும். அது நானாக நினைத்த நினைப்பு இல்லை. காய்ச்சலில் உடம்பு நடுங்குவது போல அது பாட்டுக்கு வரும். அதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "இதச் சொன்னது நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா தனியாக வந்தார்.

"பையன் எங்க?" என்றேன்.

"திருவள்ளூர்ல, அக்கா ஊட்ல உட்டுட்டு வந்தேன்."

"ஏன்?"

உன் அப்பாவுக்குப் பொய் வராது. தலையைக் குனிந்துகொண்டு, "டாக்டரம்மாதான் சொன்னாங்க. கொஞ்ச நாளைக்கு அங்கயே இருக்கட்டும்னு" என்றார்.

அத்தை வீட்டில் உன்னை இரண்டு வருஷம் விட்டது பற்றி நீ இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். காரணம் இதுதான். உன்மேல் ஆசை இல்லாமல் அனுப்பவில்லை. அனுப்பியதும் நானில்லை.

நான் மறுபடியும் வாயை மூடினேன். இந்தமுறை அது முன்பைவிட மோசம். முன்பு யாரையும் நம்பாமல் மூடியிருந்தேன், இப்போது ஒருத்தரை நம்பிவிட்டு மூடினேன். சோற்றைத் தொடவில்லை. ரப்பர்க் குழாயை மூக்கு வழியாக விட்டுக் கஞ்சி ஊற்றினார்கள். இரண்டு ஆயாக்கள் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருத்தி தலையைப் பிடித்துக்கொள்வாள். டாக்டரம்மா மோடாவோடு வந்தபோது அவர் முகத்தில் எச்சில் துப்பினேன். அவர் முந்தானையால் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாளும் வந்தார். மறுநாளும் துப்பினேன். அப்புறம் துப்பக்கூடச் சக்தி இல்லாமல் போயிற்று.

அப்படி ஒரு நாள் அவர் பேசினார். "உங்க புருஷன்கிட்ட நான் சொன்னது தப்பில்லை. அது ஒரு குழந்தையோட உயிர். இன்னொரு தரம் இப்படி வந்தாலும் சொல்லுவேன். ஆனா உங்ககிட்ட முதல்ல சொல்லியிருக்கணும். 'இத நான் மறைக்க முடியாது, சொல்லத்தான் போறேன், நீங்களும் கூட இருங்க'ன்னு உங்கள வச்சுக்கிட்டே சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க பேசறத நிறுத்திடுவீங்களோன்னு பயந்தேன். உங்களுக்காகப் பயப்படலை. இவ்வளவு பாடுபட்டது வீணாப் போயிடுமேன்னு எனக்காகப் பயந்தேன். அது தப்பு. அதுக்கு உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்" என்றார்.

அந்தக் காலத்தில், சாமு, டாக்டர் ஒருத்தர் நோயாளியிடம், அதுவும் பைத்தியம் என்று அடைத்து வைத்த ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்பதை யார் கண்டது? நான் உடனே மனம் இளகிவிடவில்லை. "இப்பவும் நிறுத்திட்டேனே, இன்னா செய்வீங்க?" என்றேன். "வருவேன்" என்றார். "திட்டுவேன்." "திட்டுங்க. பையன் எப்ப திரும்பி வரணும்ங்கறத இனிமே உங்களோட பேசித்தான் முடிவு பண்ணுவோம்." அவர் சொன்னபடி செய்தார். அப்பா உன்னை மறுபடி தோப்புக்குக் கூட்டி வந்தபோது, முதலில் அவரும் நம்மோடு கூட வந்தார். அப்புறம் ஆயா வந்தாள். அப்புறம் யாரும் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் என்னைக் கேட்டார். நான் வேண்டாம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்ன ஒரு தடவை, சரி என்று தள்ளிப்போட்டார். என்னைக் குணமாக்கியது எது என்று கேட்டாயே, நான் விரல் வைத்துக் காட்டுவதானால் அந்த மன்னிப்பைத்தான் காட்டுவேன். ஆனால் இது பாதிதான். மீதி கன்னியம்மா.

கன்னியம்மா என்னைவிடச் சீக்கிரம் தேறினாள். கிணற்றில் சத்தமே இல்லை என்று அவளிடம் எல்லோரும் சாதித்திருந்தார்கள். டாக்டரம்மா சாதிக்கவில்லை. தோப்பில் இருந்த கிணற்றடிக்குத் தினமும் அவளைக் கூட்டிப்போய், அவள் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு நிற்பார். "இன்னிக்கு என்ன சொல்றாரு?" என்று கேட்பார். "சோறு துன்னியான்னு கேக்கறான்" என்பாள் கன்னியம்மா. "நீ என்ன சொன்னே?" "துன்னேன்னு சொன்னேன். நீ இல்லாம ருசி இல்லடா பாவின்னு சொன்னேன்." டாக்டரம்மா சிரிக்கமாட்டார், திருத்தமாட்டார். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன், இரண்டு பெண்கள் ஒரு செத்தவனோடு குடும்பக் கதை பேசிக்கொண்டு நிற்பதை. நாளடைவில் அவன் பேச்சுக் குறைந்தது. "இன்னிக்கு அவன் வரல. தூங்கறான் போல" என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். டாக்டரம்மாவைத் தன்னைவிடச் சில வயசே மூத்தவர் என்று பாராமல் 'எங்கம்மா' என்று சொல்லுவாள். காலையில் அவர் வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுவாள்.

டாக்டரம்மாவுக்கு இருமல் இருந்துகொண்டே இருந்தது. ஒரு நாள் நாங்கள் எழுவதற்கு முன்பே வந்தவர் வாசற்படியிலேயே ரத்தமாக வாந்தி எடுத்தார் என்று பிறகு தெரிந்தது. அப்போதே அவரை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். காசநோய். மலைமேல் இருந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எங்களில் யாரிடமும் சொல்லிக்கொண்டு போக அவருக்கு நேரமில்லை. மிஷன் அம்மாமார், நோயாளிகள் கலங்கிவிடுவார்கள் என்று, "டாக்டர் ஊருக்குப் போயிருக்காங்க, திங்கக்கிழமை வந்துடுவாங்க" என்றார்கள். அந்தத் திங்கள் போய் இன்னொரு திங்கள் வந்தது. அப்போதும் அதே பேச்சு.

அவருக்குப் பதிலாகப் புதிதாக ஓர் ஆண் டாக்டர் வந்தார். அவரைக் கெட்டவர் என்று நீ நினைக்கக் கூடாது. நன்றாகப் படித்தவர், நேரம் தவறாதவர், அதட்டிப் பேசத் தெரியாதவர். முந்தையவர் என்னென்ன செய்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அதையே அப்படியே செய்தார். அதே மோடாவில், அதே நேரத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னியம்மாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போனார். ஒரு ஆயாவைக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "இன்னைக்கு என்ன சொல்றார்?" என்று அதே கேள்வியைக் கேட்டார்.

"அது இன்னாத்துக்கு உனுக்கு?" என்றாள் கன்னியம்மா. திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: "இவுரு கேள்வி கேக்கறாரு டீச்சர். அந்தம்மா என்னக் கேட்டுச்சு."

நீ படித்த புத்தகங்களில் இதற்கு வேறு பெயர் இருக்கும். நான் அறிந்தது இந்த இரண்டு வாக்கியம்தான். அதே இடம், அதே நேரம், அதே வார்த்தை. ஆள் மாறியதும் எல்லாம் வெறும் சடங்காகிவிட்டது. அந்தப் புது டாக்டருக்கும் காலம் கொடுத்திருந்தால், அவரும் அவள் வாயால் திட்டு வாங்கி, தப்புச் செய்து, திரும்பி வந்து, தனக்கென்று ஒரு வழி கண்டிருப்பார் என்றுதான் இப்போது நினைக்கிறேன். காலம் இல்லை. கன்னியம்மாவுக்குக் கிணற்றில் மறுபடியும் குரல் கேட்டது. இந்தமுறை இரண்டு குரல். கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள், தூக்க மருந்தைக் கூட்டினார்கள். அவள் வாசற்கம்பியைப் பிடித்துக்கொண்டே நிற்பாள்.

ஒரு நாள் என் பக்கம் வந்து உட்கார்ந்து, "டீச்சரு, நீ படிச்சவ. பொய் சொல்லாத. அந்தம்மா வருமா?" என்று கேட்டாள். எனக்கு உன் அப்பா மூலம் உண்மை தெரிந்திருந்தது. "வரமாட்டாங்க கன்னியம்மா. சீக்கு. மலை மேல கீற ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க" என்றேன். அவள் அழவில்லை. என் கன்னத்தைத் தடவி, "நீயாவது சொன்னியே" என்றாள். பிறகு, "நான் இன்னா தப்புப் பண்ணேன்னு சொல்லாமலே பூட்டுச்சே" என்றாள். தப்பு ஒன்றும் இல்லை, நோய் என்று எத்தனையோ சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. கொஞ்ச நாளில் அறுவடைக்கு ஆள் வேண்டும் என்று அண்ணன் வந்து கூட்டிப்போனார். போகும்போது தலை வாரிப் பூ வைத்திருந்தாள். அமைதியாக இருந்தாள். தேறிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கதிர் அறுப்பு முடிவதற்குள், புருஷன் விழுந்த அதே கிணற்றில் மிதந்தாள்.

நான் உண்மையைச் சொன்னது அவளைக் கொன்றதா, அதுவரை சொல்லப்பட்ட பொய் கொன்றதா, இரண்டும் இல்லாமல் அவள் நோயே கொன்றதா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. ஒன்றை மட்டும் யோசித்து யோசித்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். நானும் அவளும் அடுத்தடுத்த கட்டில். ஒரே மருந்து, ஒரே டாக்டர். நான் இருக்கிறேன், அவள் இல்லை. டாக்டரம்மாவோடு எனக்கு ஒரு சண்டை நடந்தது. அவர் எனக்கு ஒரு தடவை துரோகம் செய்து, திரும்பி வந்து, அதைச் சொல்லி உட்கார்ந்தவர். ஆகவே அவர் வராமல் போனபோது, வரக்கூடியவரை ஏதோ ஒன்று தடுத்துவிட்டது என்று என்னால் நினைக்க முடிந்தது. கன்னியம்மாவுக்கு அவரோடு சண்டையே வந்ததில்லை. அவளுக்கு அவர் வருகிறவர் மட்டுமே. வருகிறவர் வராமல் நின்றதும், தன்னைத் தூக்கி எறிந்துவிட்டார் என்றுதான் அவளுக்குப் பட்டது. இது சரியோ தப்போ. நீ படித்தவன், நீ சொல்.

உன் ஊசியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தெரியும்? வாய் திறக்க அது உதவுமானால் போடு. எனக்குத் தூக்க மருந்து இல்லாமல் போயிருந்தால் அந்தத் தொடைப் புண்ணிலேயே செத்திருப்பேன். ஆனால் வலிப்பு வரும் என்று தெரிந்து படுத்திருக்கிறவள் கடைசியாக யார் முகத்தைப் பார்க்கிறாள், விழித்ததும் யார் முகத்தைப் பார்க்கிறாள் என்று கவனி. வாய் திறந்தபின் அவள் சொல்வதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். அறுபது பேருக்கு நீ ஒருத்தன் என்று எழுதியிருந்தாய். அறுபது பேரிடமும் உன்னால் அப்படி இருக்க முடியாது. இருக்க முடியாத இடத்தில் இருப்பதுபோல் காட்டாதே. நாளைக்கு வருகிறேன் என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதே. மாற்றல் வந்தால், வேறு ஊர் போனால், உன்னை நம்பியவர்களிடம் நீயே போய்ச் சொல். அவர்கள் அழுவார்கள், திட்டுவார்கள். அதையும் நின்று வாங்கிக்கொள். உன்னால் தப்பு நடக்கும். நடக்காமல் இருக்காது. நடந்தபின் மோடாவை எடுத்துக்கொண்டு மறுபடி அவர்கள் பக்கத்தில் போய் உட்காருகிறாயா, ஒதுங்கிவிடுகிறாயா என்பதுதான் கேள்வி.

நான் வீடு திரும்பி, நீயும் திருவள்ளூரிலிருந்து வந்து சேர்ந்த பிறகு, அப்பாவும் நானும் டாக்டரம்மாவைப் பார்க்க அந்த மலை ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனோம். ரயிலில் போகும்போதே அப்பா சொல்லிவிட்டார்: "கன்னியம்மாவக் கேட்டாங்கன்னா சௌக்கியமா கீறான்னு சொல்லிடு. பாவம், நோவுல கெடக்கற மனுசி." நானும் சரி என்றேன். நீண்ட வராந்தாவில் சாய்வு நாற்காலிகளில் வரிசையாகக் கம்பளி போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். அவரை அடையாளம் கண்டுபிடிக்க இரண்டு தடவை நடக்க வேண்டியிருந்தது. அப்படி உருகிப்போயிருந்தார். நோய் தொற்றும் என்று எங்களைத் தள்ளி உட்காரச் சொன்னார்கள்.

முதலில் உன்னைக் கேட்டார். பள்ளிக்கூடம் போகிறான் என்றேன். ராத்திரி என் பக்கத்தில்தான் படுக்கிறான், நான் தூங்குகிறேன் என்றும் சொன்னேன். கண்ணை மூடி அதை அனுபவிப்பதுபோல் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "கன்னியம்மா எப்படி இருக்கா?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். சௌக்கியம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை.

"செத்துப்போயிட்டா, டாக்டரம்மா."

"எப்படி?"

"கெணத்துல."

காற்று ஊசியாகக் குத்தியது. அவர் கம்பளியின் ஓரத்தைப் பிடித்து முறுக்கிக்கொண்டே இருந்தார். "என்னக் கேட்டாளா?" என்றார்.

"தெனமும்."

கம்பளியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். உள்ளிருந்து, "நீங்க போங்க" என்றார். அப்பா எழுந்து என் தோளைத் தொட்டார். நீங்கள் கீழே போய் நில்லுங்கள் என்று கையைக் காட்டினேன். பார்வை நேரம் முடிந்து மணி அடித்தார்கள். நர்ஸ் வந்து நின்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். கம்பளி குலுங்கிக்கொண்டே இருந்தது. இருமலா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. நான் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த மழைக்காலத்திலேயே அவர் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. ஆனால் அன்றைக்கு, எல்லோரும் போய் வராந்தா காலியான பிறகு, மூடிய கம்பளிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

உன் அம்மா